பீச் காப்ளர்: முதலில் பழம் கொதிக்கட்டும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும், பீச் பழம் சந்தையில் குவியும் கோடை வாரங்களில் வீட்டுக்கு வீடு சுடப்படும் இனிப்பு காப்ளர் ஆகும். பழத்துண்டுகளைச் சர்க்கரையோடு பிசறி ஆழமான தட்டில் பரப்பி, அதன்மேல் மாவைக் கரண்டி கரண்டியாக இட்டு ஓவனில் வேகவிடுவதுதான் செய்முறை. மாவைத் தேய்த்து விரிக்கும் வேலையே இதில் இல்லை. இவ்வளவு எளிய பண்டத்திலும் பலர் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். மேலே பொன்னிறமாகச் சிவந்திருக்கும் மாவு, அடியில் வேகாமல் களியாக நின்றுவிடுகிறது. நான் முதன்முதலில் செய்த காப்ளரும் அப்படித்தான் ஆயிற்று. குளிர்ந்த பழத்தின்மீது மாவை இட்டதே அதற்குக் காரணம்: பழம் சூடேறுவதற்குள் மாவின் மேற்புறம் சிவந்துவிட, வெந்துவிட்டது என்று நம்பி வெளியே எடுத்துவிட்டேன். ஆகவே பழத்தைத் தனியே சுட்டு, அது சூடாக இருக்கும்போதே மாவை இடும் முறையைத்தான் இங்கே விவரிக்கிறேன்.

ஆறு முதல் எட்டுப் பேருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ பீச் தேவைப்படும். ஜார்ஜியாவில் மே மாத நடுவிலேயே பீச் வரத் தொடங்கினாலும், பருவத்தின் தொடக்கத்தில் வருபவற்றில் சதை கொட்டையோடு ஒட்டியிருக்கும். ஜூன் பிற்பகுதிக்குப் பின் வருபவற்றில் கொட்டை தானாகக் கழன்றுவரும் என்பதால், துண்டு போட அவையே வசதி. கோடைக்கானல் பக்கம் கிடைக்கும் பீச் சிறியதாகவும் சற்றுப் புளிப்பாகவும் இருப்பதால், அதற்குச் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். டப்பாவில் அடைத்த பழமானால் பாகை முழுவதும் வடித்துவிட்டுச் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பழத்தின் அடியில் சிலுவைபோல் லேசாகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றினால், கீறிய இடத்தில் தோல் சுருண்டு எழும். அதைப் பிடித்து இழுத்தால் முழுவதும் உரிந்துவிடும். உரித்த பழத்தை விரல் தடிமனுள்ள கீற்றுகளாக நறுக்கி, 100 கிராம் சர்க்கரை, ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றோடு பிசறவும். பட்டைத்தூள் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதிகமானால் பட்டையின் மணமே நிற்கும், பீச்சின் மணம் காணாமல் போய்விடும். 2 லிட்டர் கொள்ளும் கண்ணாடி அல்லது பீங்கான் தட்டில் இதைக் கொட்டி, 200 டிகிரி செல்சியசில் சூடேற்றிய ஓவனில் ஓரங்களில் சாறு கொதிக்கும்வரை, ஏறக்குறைய 20 நிமிடம் வைக்கவும்.

அதற்குள் மேல்மாவைத் தயார் செய்துவிடலாம். 190 கிராம் மைதா, 50 கிராம் சர்க்கரை, ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த 85 கிராம் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிச் சேர்த்து, விரல் நுனிகளால் உதிர்க்கவும். பட்டாணி அளவில் சில வெண்ணெய்த் துண்டுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓவன் சூட்டில் அவற்றிலுள்ள ஈரம் ஆவியாகி எழும்பும்போதுதான் மாவு பொலபொலவென்று வரும். பிறகு 150 மில்லி மோர் சேர்க்க வேண்டும். அமெரிக்கக் கடைகளில் மோர் என்று விற்பது நம் வீட்டு நீர்மோர் அன்று, கெட்டியாகப் புளித்த பால். அது இல்லாதவர்கள் மூன்று பங்கு தயிரில் ஒரு பங்கு பால் கலந்து பயன்படுத்தலாம். சோடா பொங்குவதற்குத் தேவையான புளிப்பு அதிலேயே இருக்கிறது. மோரை ஊற்றியபின் மாவு ஈரமாகும் அளவுக்குக் கரண்டியால் நாலைந்து சுற்றுச் சுற்றினால் போதும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் ரப்பராகிவிடும்.

கொதிக்கும் பழத்தை வெளியே எடுத்து, மாவை எட்டு ஒன்பது குவியலாக, நடுநடுவே இடைவெளி விட்டு இடவும். ஆவி வெளியேறுவதற்கும், சாறு மேலே எட்டிப் பார்ப்பதற்கும் அந்த இடைவெளிதான் வழி. மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி, மறுபடி 22 முதல் 25 நிமிடம் சுடவும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: நடுவிலுள்ள ஒரு குவியலைக் கரண்டியால் நெம்பி அடியைப் பார்த்தால், இட்லியின் உட்புறம்போல் பஞ்சாக இருக்க வேண்டும். தட்டின் நடுவிலும் சாறு கெட்டியான குமிழிகளாக வெடிக்க வேண்டும். கொதித்தாலொழிய கார்ன்ஃப்ளார் முழுமையாகக் கெட்டிப்படாது. சாறு வழிந்து கருகும் என்பதால், கீழ்த்தட்டில் ஒரு ட்ரே வைப்பது பின்னால் தேய்க்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

டெக்சாஸ் பக்கம், தட்டில் வெண்ணெயை உருக்கி, தோசைமாவுப் பதத்தில் கரைத்த மாவை ஊற்றி, அதன்மேல் பழத்தைப் பரப்பும் வழக்கமும் உண்டு. வேகும்போது மாவு பழத்தை மூடிக்கொண்டு மேலெழும். அதுவும் சுவையானதே; ஆயினும் என் நாவுக்கு அது கேக்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சுட்ட காப்ளரை அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அந்நேரத்தில்தான் சாறு இறுகும். மேலும் கொதிக்கக் கொதிக்கப் பரிமாறினால் ஐஸ்கிரீம் நொடியில் தண்ணீராகிவிடும். வெண்ணிலா ஐஸ்கிரீமே இதற்குப் பொருத்தம். பழ வாசனையுள்ள ஐஸ்கிரீம் பீச்சோடு மோதும். இந்தியக் கடைகளில் வாங்குபவர்கள் பெட்டியில் ஃப்ரோசன் டெசர்ட் என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்ப்பது நல்லது: அதில் பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் இருப்பதால், உருகிப் பழச்சாற்றோடு கலக்கும்போது பாலின் சுவை கிடைக்காது. பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஐஸ்கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்து, குழிவான கிண்ணத்தில் பழத்தை அடியிலும் மாவை மேலுமாக அள்ளிப் போட்டு, ஐஸ்கிரீமை மாவின் தலைமேல் வைக்காமல் பக்கத்தில் சாய்த்து வைத்தால், மாவின் மொறுமொறுப்பு கடைசி வாய்வரை நிற்கும்.

மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் 175 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கிக்கொள்ளலாம். மைக்ரோவேவ் வேண்டாம், மாவு சொதசொதவென்று ஆகிவிடும்.