ஹாஸ்டல் கட்டிலில் மூட்டைப்பூச்சியா?

ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி கடித்தால் வெளியே சொல்லவே பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். ஊருக்குப் போய்வந்த பையிலோ யாரோ விட்டுப்போன பழைய மெத்தையிலோ அது ஏறி வரும். சுத்தமான அறைக்கும் வரும். அறைத்தோழர்களிடமும் வார்டனிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஓர் அறையை மட்டும் சுத்தம் செய்தால் பக்கத்து அறையிலிருந்து திரும்ப வந்துவிடும்.

ராத்திரி செல்போன் டார்ச் அடித்து மெத்தையின் தையல் ஓரங்களைப் பாருங்கள். பேனா மை தெறித்த மாதிரி கரும்புள்ளிகள் இருந்தால் அது பூச்சியின் எச்சம். அப்புறம் கட்டில். இரும்புக் கட்டிலில் திருகாணி ஓட்டையும் குழாயின் திறந்த முனையும்தான் அதற்குப் பிடித்த இடம். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு இழுத்தால் அரிசிக் குருணை போல வெள்ளை முட்டைகள் ஒட்டிக்கொண்டு வரும். அங்கெல்லாம் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். போர்வை, தலையணை உறையை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போதாது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும்.

முட்டை பொரிக்கப் பத்து நாள் வரை ஆகலாம். அதனால் 10 நாள் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தானிய மூட்டைக்கு வைக்கும் மாத்திரையை அறையில் வைக்காதீர்கள். அதன் வாயு தூங்குகிறவரின் உயிரை எடுத்துவிடும், பக்கத்து அறையில் இருப்பவரையும் சேர்த்து. மருந்து அடிக்க உரிமம் உள்ள ஆட்களையே கூப்பிடச் சொல்லுங்கள்.