எனாமல் மேல் உலோக அயனியும் அமிலமும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லின் வெளி உறையான எனாமலை உலோக உப்புக் கரைசலிலோ அமிலத்திலோ ஊறவைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பற்றியது இது. குப்பிக்கு லேபிள் ஒட்டுவதையும், அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரைச் சரிபார்ப்பதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களும் மறுபடி மறுபடி விழுகிற குழிகள் வேறு.

அமிலம் செய்த வேலையை உலோகத்தின் கணக்கில் எழுதுவது

பல மாத உழைப்பைக் குப்பைக்கு அனுப்புகிற தவறு இது. ஓரிரு கூடுதல் குப்பிகள் வைத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பதால்தான் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

லிட்டருக்கு 0.1 மோல் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசலில் எனாமல் துண்டை ஊறவைக்கிறார்கள். கரைசலில் கால்சியம் ஏறுகிறது. உடனே, இரும்பு கால்சியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்தது என்று முடிவு எழுதியாகிவிடுகிறது. அந்தக் கரைசலின் பிஎச் என்ன? 2-க்கும் கீழே. மும்மை நேர்மின்சுமை கொண்ட இரும்பு அயனி, தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளிலிருந்து புரோட்டான்களை உதிர்க்கும். எனாமல் கரைய பிஎச் 5.5 அளவிலேயே வாய்ப்பு உண்டு. எனாமலின் கனிமமான அபடைட்டில் கால்சியத்தோடு பாஸ்பேட்டும் ஹைட்ராக்சைடும் இருக்கின்றன. புரோட்டான் ஹைட்ராக்சைடை நீராக்கும், பாஸ்பேட்டை ஹைட்ரஜன் பாஸ்பேட்டாக்கும். பிடிமானம் போன கால்சியம் வெளியேறும். இதற்கு இரும்பு தேவையே இல்லை.

கொஞ்சம் கவனமானவர்கள் பாஸ்பேட்டையும் அளப்பார்கள். கனிமம் முழுதாகக் கரைந்தால் கால்சியமும் பாஸ்பரசும் ஏறக்குறைய 1.67-க்கு 1 என்ற மோல் விகிதத்தில் வர வேண்டும். அயனி மட்டும் இடம் மாறியிருந்தால் கால்சியம் தனியாக வரும். அளந்தால் பாஸ்பேட் குறைவு. "பார்த்தீர்களா, இடமாற்றம்தான்!" இங்கேதான் இரண்டாவது குழி. வெளியே வந்த பாஸ்பேட்டோடு இரும்பு சேர்ந்து, எளிதில் கரையாத ஃபெரிக் பாஸ்பேட்டாக எனாமல் மேலும் குப்பியின் அடியிலும் படிந்துவிடும். வடிகட்டிய கரைசலில் அதைத் தேடினால் கிடைக்காது. வீழ்படிவையும் சேகரித்து, வலுவான அமிலத்தில் கரைத்து, அளந்து கூட்ட வேண்டும்.

ஆகவே குறைந்தது இரண்டு ஒப்பீட்டுக் குப்பிகள் வேண்டும். ஒன்றில் அதே பிஎச்சுக்குக் கொண்டுவந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அயனி வலிமை (அயனிகளின் செறிவையும் சுமையையும் சேர்த்த அளவு) சமமாக இருக்கப் பொட்டாசியம் குளோரைடும் சேருங்கள். மற்றொன்றில், நடுநிலை பிஎச்சில், பொட்டாசியம் குளோரைடு மட்டும். காரம் சேர்த்து இரும்புக் கரைசலையே நடுநிலைக்குக் கொண்டுவரலாமே என்றால், இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிடும். ஸ்டேனஸ் உப்பிலும் (இரண்டு சுமை கொண்ட வெள்ளீயத்தின் உப்பு) இதே சிக்கல், கூடவே காற்று பட்டால் அது நான்கு சுமை கொண்ட வெள்ளீயமாக ஆக்சிஜனேற்றம் அடையும், அன்றன்றைக்குத் தயாரியுங்கள். அதைக் கரைசலில் நிறுத்தச் சிட்ரேட் சேர்த்தால், சிட்ரேட்டே கால்சியத்தைக் கவ்வும். அப்போது சிட்ரேட் மட்டும் உள்ள மூன்றாவது குப்பியும் கட்டாயம்.

மேற்பரப்பில் தெரிந்த உலோகம் படிகத்துக்குள் போய்விட்டது என்று நம்புவது

எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ்ரே பகுப்பாய்வு, தனிமம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஒட்டியிருக்கிறதா, தனி உப்பாகப் படிந்திருக்கிறதா, படிகக்கூட்டில் அமர்ந்திருக்கிறதா என்று அது சொல்லாது. கால்சியத்தின் அயனி ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம். ஸ்ட்ரான்சியம் 1.18, அபடைட்டில் கால்சியத்தின் இடத்தை முழுவதுமாகக் கூட எடுக்கும், அப்போது படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவு வரைபடத்தில் உச்சங்கள் சிறிய கோணங்களுக்கு நகரும். துத்தநாகம் 0.74, மக்னீசியம் 0.72, இரண்டும் குறைந்த அளவே உள்ளே போகும், பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கும். உச்சம் நகராமல் இடமாற்றம் என்று எழுதாதீர்கள்.

பிஎச் சமம் என்றால் அமிலமும் சமம் என்பது

இல்லை. சிட்ரிக் அமிலத்தில் மூன்று கார்பாக்சில் தொகுதிகள். கரைந்த புரோட்டான் தீரத் தீரப் புதிதாகக் கொடுக்கும், கால்சியத்தையும் பிணைக்கும்.

ஆய்வுக்குச் செயற்கைச் சொத்தைப் புண் வேண்டும் என்று பல்லை வெறும் அமிலத்தில் போடுவது

மேற்பரப்பே அரித்துப்போகும். மேலடுக்கு நிற்க, உள்ளே கனிமம் குறைய வேண்டுமானால் கரைசலில் முன்பே ஓரளவு கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் அளவு: லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு 2.2 மில்லிமோல், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.2 மில்லிமோல், அசிட்டிக் அமிலம் 50 மில்லிமோல், பிஎச் 4.4 முதல் 4.5 வரை.

பல்லை ஃபார்மலினில் நாள்கணக்கில் வைப்பது

தாங்கல் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) சேர்க்காத ஃபார்மலின் மெல்ல ஃபார்மிக் அமிலமாகும். ஆய்வு தொடங்குமுன்பே எனாமல் அரிபட்டிருக்கும். கிருமி வளராமல் தடுக்கும் தைமாலின் 0.1 சதவீதக் கரைசலில் வையுங்கள், உலரவிடாதீர்கள்.

அமில ஃபுளோரைடுக்குக் கண்ணாடிக் குடுவை

ஆகாது. கண்ணாடியையே அரிக்கும். பிளாஸ்டிக் எடுங்கள்.