அலுவலகத்து ‘அக்கா’வுக்கும் ஒரு பெயர் உண்டு

தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒருவருடைய பின்னணியைப் பெயரை வைத்து அறிவது எளிதன்று. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. காலப்போக்கில் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே நம்மிடையே பெருவழக்காயின. அறிந்துகொள்ளும் ஆவல் மட்டும் அகலவில்லை, கேள்விகளாக உருமாறியிருக்கிறது. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, எந்தப் பள்ளியில் படித்தீர்கள், அப்பா என்ன செய்கிறார் என்று புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரத்திலேயே கேட்கிறோம். இவற்றுள் முதல் கேள்வி இயல்பானது. மற்றவை பெரும்பாலும் ஆளை எடைபோடுவதற்காகக் கேட்கப்படுபவை. எனவே ஊரைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள். குடும்பத்தைப் பற்றிச் சொல்ல விரும்புபவர் நாளடைவில் தாமே சொல்வார். உங்களிடமே யாரேனும் துருவிக் கேட்டால், ‘திருவாரூர்ப் பக்கம்’ என்பதுபோல் பொதுவாக விடை சொல்லிவிட்டு, அவரிடம் வேலை தொடர்பான ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பேச்சைத் திருப்பிவிடலாம்.

அடுத்து விளிக்கும் முறையைக் கவனியுங்கள். மேலாளரை ‘சார்’ என்றும், தம் வயதுக்காரரைப் பெயர் சொல்லியும், காவலாளியை ‘அண்ணே’ என்றும், துப்புரவுப் பணியாளரை ‘அக்கா’ என்றும் அழைப்பது நம் வழக்கம். உறவுமுறை சொல்லி அழைப்பதில் அன்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் நம் மேசையைத் துடைத்தவரின் பெயர் நமக்குத் தெரியவில்லை என்றால், அந்த ‘அக்கா’ அன்பைவிட மறதியையே காட்டுகிறது. பெயரைக் கேட்டு, ‘செல்வி அக்கா’ என்று பெயரோடு சேர்த்து அழையுங்கள். ‘நீ, வா, போ’ என்று ஒருமையில் பேசும் உரிமை வயதால் வருகிறதா, பதவியால் வருகிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு: ஐம்பது வயதுக் காவலாளியை ஒருமையில் அழைக்கும் இருபத்தைந்து வயதுப் பொறியாளர், ஐம்பது வயது இயக்குநரை அப்படி அழைப்பாரா என்று எண்ணிப் பாருங்கள். வட மாநிலங்களிலிருந்து வந்த பணியாளர்களை ‘வடக்கன்’ என்று குறிப்பிடுவதையும் இதே அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நுட்பமாகக் கையாள வேண்டியது ஆங்கிலம். 2010 முதல் தமிழ்நாடு அரசு முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை வழங்கி வருகிறது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக அலுவலகத்துக்குள் வருபவர்களில் பலருக்குத் தொழிலில் குறை இல்லை. கூட்டத்தில் எழுந்து ஆங்கிலத்தில் விளக்குவதில்தான் தயக்கம். சரளமாகப் பேசுபவரைத் திறமையானவர் என்றும், தயங்குபவரைத் தெரியாதவர் என்றும் குழுத் தலைவர் எடுத்துக்கொண்டால், ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அந்தப் பிழை பணமாக மாறிவிடுகிறது. ஆகவே பேசவேண்டிய பொருள்களை முந்தைய நாளே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அறையில் இருப்பவர் அனைவருக்கும் தமிழ் தெரியுமானால் விவாதத்தைத் தமிழில் நடத்தி, குறிப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதலாம். ஒருவருடைய உச்சரிப்பைப் பலர் முன்னிலையில் திருத்தாதீர்கள். திருத்தியே ஆகவேண்டுமென்றால் தனியே, அதுவும் அவர் கேட்டால் மட்டும் செய்யுங்கள். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கான்வென்டில் படித்து வந்தவர் வாயைத் திறந்ததுமே ‘பீட்டர் விடுகிறார்’ என்று கேலி செய்வதும் வர்க்கக் காழ்ப்புத்தான்; அது மேலிருந்து கீழ்நோக்கி வராததால் வலி குறைவாக இருக்கலாம், அவ்வளவே.

பணம் சம்பந்தப்பட்ட சிறு வழக்கங்கள் உறவுகளை அரித்துவிடும். பிறந்தநாள் கேக், விடைபெறுபவருக்குப் பரிசு, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியில் ஒருநாள் சுற்றுலா என்று மாதந்தோறும் ஏதாவது ஒரு வசூல் இருந்துகொண்டே இருக்கும். சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் இளைஞருக்கு ஐந்நூறு ரூபாய் என்பது சிறு தொகையன்று. ஆனால் அதைச் சொல்வதைவிடக் கடன் வாங்கிக் கொடுப்பதே அவருக்கு எளிதாகத் தோன்றும். வசூலிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைக் குழுவில் பகிராதீர்கள். ஓர் உறையை மேசைதோறும் சுற்றுக்கு விட்டு, விருப்பப்பட்டதை இடச் சொல்லுங்கள். சேர்ந்த தொகைக்கு ஏற்பப் பரிசு வாங்குங்கள், பரிசை முடிவு செய்துவிட்டுத் தொகையைப் பங்கிடாதீர்கள். வெளியே சாப்பிடப் போகும்போது தொடர்ந்து வராமல் இருப்பவரை ‘கஞ்சன்’ என்று அழைப்பதையும், எல்லோர் முன்னிலையிலும் ‘உனக்கு நான் கொடுத்துவிடுகிறேன்’ என்று பெருந்தன்மை காட்டுவதையும் ஒருசேரத் தவிர்த்து, சில நாள்கள் அவரோடு அமர்ந்து கட்டுச்சோறு உண்ணலாம்.

கிராமத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையைக் கண்டிக்கும் நாமே, அலுவலகத்தில் அதிகாரிகளுக்குப் பீங்கான் கோப்பையும் துப்புரவாளருக்குக் காகிதக் கோப்பையும் வைத்திருப்பதைக் கவனிப்பதில்லை. கோப்பைகளை ஒரே வகையாக வாங்கி ஒரே அலமாரியில் வைக்கச் சொல்வதற்குப் பொருள்கள் வாங்கும் பிரிவுக்கு ஒரு கடிதம் போதும். இருக்கையைப் பொறுத்தவரை அந்தக் கடிதம்கூடத் தேவையில்லை. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்த விற்பனைப் பெண்களின் நிலையை முன்வைத்துக் கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கின. வரவேற்பறையில் காவலாளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் மேலாளரிடம் இதை அமைதியாக நினைவூட்டலாம்.

உணவு அறையில் விதிகள் இருக்கட்டும். ஆனால் அவை உணவின் வகையைப் பற்றியதாக இல்லாமல் பழக்கத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். மூடியிட்டுச் சூடாக்குக, சிந்தியதைத் துடைக்குக என்ற விதி கருவாட்டுக்கும் சாம்பாருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

இவ்வளவுக்குப் பிறகும் யாரேனும் இழிவாகப் பேசினால் என்ன செய்வது? பேசியவர் நீங்களானால், ‘விளையாட்டாகத்தான் சொன்னேன்’ என்று தொடங்காமல், சொன்ன சொல்லையே குறிப்பிட்டு அது தவறு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். மன்னிப்பு நீண்டால் புண்பட்டவருக்கு அதுவே சுமையாகிவிடும். கேட்டவர் நீங்களானால், நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். சட்டம் எங்கே துணைக்கு வரும் என்பதையும் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அப்பிரிவுகளைச் சேராத ஒருவர் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். ஏழ்மையைக் கேலி செய்வதற்கு அத்தகைய காப்பு கிடையாது. அரசு பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களாக அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது. அந்த வரிசையில் வறுமை இல்லை. ஆகவே அத்தகைய புகாரை நிறுவனத்தின் நடத்தை விதிகளைச் சுட்டியே எழுத வேண்டும். உங்களுடன் பணியாற்றும் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட முன்வந்தால் அதன் எடை கூடும். அப்படி முன்வரும் ஒருவராக நீங்கள் இருப்பது, தனியே போய் ஆறுதல் சொல்வதைவிடப் பயனுள்ளது.

தீபாவளி இனிப்புப் பெட்டிகளுக்குச் சொல்லும் நேரத்தில் நிரந்தரப் பணியாளர் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காவல், துப்புரவு, சிற்றுண்டிக்கூடம், ஓட்டுநர்கள் என ஒவ்வோர் ஒப்பந்ததாரரிடமும் ஆள் எண்ணிக்கையை இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டு வாங்கி, எல்லாருக்கும் ஒரே அளவுப் பெட்டியாகச் சொல்லிவையுங்கள். இரவுப் பணியில் இருப்பவர்களைக் கணக்கில் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நேரும் பிழை.