தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரத்துக்கால்

மேலூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் குறுகிக்கொண்டே போவதை இரண்டு கிராம சபைகளில் எடுத்துச் சொல்லியும், தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. சர்வே எண் இல்லாமல் பேசியது என் தவறுதான். பிறகு அரசின் நில ஆவண இணையதளத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் 'அ' பதிவேட்டைத் தேடினேன். உட்பிரிவு எண்ணைத் தவறாகக் கொடுத்ததால் முதலில் பக்கத்து வயலின் விவரம் வந்து நின்றது. அருகில் இருந்த பெரியவர், "கிணத்துக்கு வடக்க உள்ள நம்பரைப் போடுப்பா" என்றார். போட்டதும், வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக வந்தது. அந்தப் பக்கத்தையும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் அச்செடுத்துச் சென்று, அக்டோபர் 2 கிராம சபையில் எண்ணை வாசித்து, நில அளவை கோரும் தீர்மானத்தை எழுதவைத்து, அதன் நகலையும் கேட்டு வாங்கினேன். அடுத்த மாதமே சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார்.