ஏற்காட்டுக் குளிரில் உப்பாத இனிப்பு பன்

பிசையாமல் இரவே கலந்து வைத்த மாவு காலையிலும் அப்படியே கிடந்தது. புது ஈஸ்ட் பாக்கெட் மாற்றியும் பலனில்லை. ஈஸ்ட்டைக் கூட்டினால் வாடைதான் மிச்சம். குளிர் என்று பார்த்தால், சர்க்கரை போடாத மாவு அதே அடுப்படியில் நன்றாகவே உப்பியது!

300 கிராம் மைதாவுக்கு 60 கிராம் சர்க்கரை அதிகம். ஈஸ்ட்டுக்கு வேண்டிய தண்ணீரை அது இழுத்துக்கொள்கிறது. குளிரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது இரவில் 190 மிலி காய்ச்சி ஆறிய பால், 3 கிராம் ஈஸ்ட், 4 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை மட்டும். உப்பிய பிறகு, மீதி சர்க்கரையைப் பொடித்து, 30 கிராம் வெண்ணெயோடு சேர்த்து, ஈரக்கையால் நாலு பக்கமும் மடிக்கிறேன். அப்போது மாவு திடீரென்று தளர்ந்து ஒட்டும். சர்க்கரை கரைவதுதான் காரணம். மைதா தூவிவிடாதீர்கள், பன் வறண்டுவிடும். 20 நிமிடம் விட்டு இன்னொரு மடிப்பு. உருட்டி வைத்து, மறுபடி உப்பியதும் 180 டிகிரியில் 18 நிமிடம். அப்பாடா, பஞ்சு!