டீக்கால் தண்ணீரில் விழும் முன்பே கெட்டுவிடுகிறது

விமானம், டாங்கி, கட்டைவிரல் உயரப் போர்வீரன், எதுவாக இருந்தாலும் சரி, வாரக்கணக்கில் உட்கார்ந்து பெயின்ட் அடித்த மாடலை ஒரே சாயங்காலத்தில் பாழாக்கக்கூடிய வேலை டீக்கால் ஒட்டுவதுதான். தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து வழுக்கிவிட்டு ஒட்டுகிற அந்தச் சின்னச் சின்னப் படங்களைத்தான் சொல்கிறேன். பெங்களூரில் எங்கள் முருகேஷ்பாளையா பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே நிற்கிற மாருத் போர்விமானத்தை ஒரு தடவை சுற்றிவந்து பார்த்தால் அப்படியொரு விமானத்தைக் கையால் செய்து பார்க்கும் ஆசை தானாக வரும். அவர்கள் கொண்டுவந்து காட்டும் மாடல்களில் பெயின்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எண்களையும் வட்டச் சின்னங்களையும் சுற்றி வெள்ளி பூசியதுபோல ஒரு படலம். கேட்டால், "டீக்கால் சரியில்லைண்ணா, மட்டமான கிட்" என்கிறார்கள். பெரும்பாலும் டீக்கால் மேல் தப்பு இருப்பதில்லை. அது தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே காரியம் கெட்டுப்போயிருக்கும்.

அந்த வெள்ளிப் படலம் எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டீக்கால் என்பது அடியில் ஒரு தாள், அதன் மேல் தண்ணீரில் கரையும் பசை, அதற்கும் மேலே மிக மெல்லிய தெளிவான ஃபிலிம், அந்த ஃபிலிமில் அச்சிட்ட படம். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் காய்ந்த பரப்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள், மணல் தாள் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தக் கரடுதான் வெளிச்சத்தைச் சிதறடித்து மேட் தோற்றத்தைக் கொடுக்கிறது. அதன் மேல் டீக்காலை ஒட்டினால் ஃபிலிம் மேடுகளின் தலையில் மட்டும் உட்காரும், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். ஈரமாக இருக்கும்வரை எல்லாம் அழகாகத்தான் தெரியும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். தண்ணீர் காய்ந்ததும் அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்ளும், காற்றில் பட்ட வெளிச்சம் வெள்ளையாகத் திரும்பி வரும்.

ஆகவே முதல் தவறு, மேட் பெயின்ட் மேல் நேரடியாக ஒட்டுவது. டீக்கால் விழப்போகும் இடமெல்லாம் முதலில் பளபளப்பான க்ளாஸ் வார்னிஷ் வேண்டும். டாமியா எக்ஸ்-22, வல்லெஹோ க்ளாஸ், மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100, எது கிடைக்கிறதோ அது. ஒரே தடவையில் கனமாக அடிக்காமல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். விளக்கடியில் சாய்த்துப் பார்க்கும்போது பல்பின் உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும், கலங்கலாகத் தெரிந்தால் இன்னும் ஒரு கோட் தேவை. சின்ன போர்வீரன் பொம்மை என்றால் ஏர்பிரஷ்கூட வேண்டாம், டீக்கால் வரும் தோள்பட்டையில் மட்டும் பிரஷ்ஷால் தடவினால் போதும்.

அடித்த கையோடு ஒட்ட உட்காராதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக வார்னிஷ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அக்ரிலிக் வார்னிஷுக்கு ஒரு முழு நாள் விடுங்கள், எனாமல் என்றால் இன்னும் சில நாள். முழுசாகக் காயாத வார்னிஷ் மேல், டீக்காலைப் படியவைக்கும் மருந்தை ஊற்றினால் வார்னிஷ் இளகி, அடியில் இருக்கும் பெயின்டும் சேர்ந்து பிரஷ்ஷோடு வரும்.

நம்ம ஊர் வானிலையையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு ஜன்னலெல்லாம் ஈரமாக இருக்கும் நேரத்தில் லேக்கர் ஸ்ப்ரேயை எடுக்கவே எடுக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, வார்னிஷ் பால் நிறமாகிவிடும். மறுநாள் காலை வெயில் வந்த பிறகு அடியுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மார்ச், ஏப்ரலில் பிரச்சினை தலைகீழ். காற்று காய்ந்து கிடக்கும், தலைக்கு மேல் ஃபேன் வேறு சுற்றும், டீக்காலை இடம் பார்த்து நகர்த்துவதற்குள் அது பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் ஃபேனை அணைத்துவிட்டு, ஒட்டும் இடத்தைத் தாராளமாக நனைத்து வையுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பெயின்ட் பூசாத உலோக நிறத்தில் செய்யும் விமானங்கள், உதாரணமாக நம் விமானப்படையின் ஆரம்பகால மிக்-21 (1963-இல் வந்தது, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைகொடுத்தார்கள்). உலோக பெயின்ட் ஏற்கெனவே வழவழப்பாக இருப்பதால் பல சமயம் க்ளாஸ் கோட் இல்லாமலே டீக்கால் நன்றாக உட்காரும். ஆனால் படத்தைச் சுற்றியுள்ள வெற்று ஃபிலிமின் ஓரம் உலோக நிறத்தில் தெரிவதுபோல வேறு எதிலும் தெரியாது. அதைப் புது பிளேடால் அச்சுக்கு ஒட்டி நறுக்கிவிட வேண்டும். மற்ற மாடல்களிலும் நறுக்குவது நல்லதுதான், முக்கியமாக ஒரே ஃபிலிமில் நாலைந்து எழுத்துகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒட்டுங்கள். பழைய பிளேடு வேண்டாம், அது ஃபிலிமை வெட்டாது, கிழிக்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பெங்களூரிலோ பேசித்தான் ஆக வேண்டும். காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் தொல்லை குறைவு. போர்வெல்லும் டேங்கரும் நம்பியிருக்கும் அடுக்குமாடிகளில் வரும் தண்ணீர் உப்புத் தண்ணீர், பாத்ரூம் குழாயில் படிகிற அதே வெள்ளைக் கறை டீக்காலுக்கு அடியிலும் ஓரத்திலும் படியும். கருநீலம், கறுப்பு மாதிரி அடர்நிற மாடலில் அது அப்பட்டமாகத் தெரியும். ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள், அல்லது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரி கடையில் கேட்கும்போது ஆசிட் கலக்காததுதானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பசை சீக்கிரம் இளகும், சூடாக இருக்கக் கூடாது, டீக்கால் சுருண்டுவிடும்.

அப்புறம், டீக்காலைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது. தானாகக் கழன்று மிதக்கும்வரை ஊறப்போட்டால் பசை எல்லாம் தண்ணீரோடு போய்விடும். ட்வீசரில் பிடித்துப் பத்து, பதினைந்து விநாடி முக்கி, எடுத்து டிஷ்யூ மேல் வைத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். ஈரம் உள்ளே இறங்கியதும், விரலால் லேசாகத் தள்ளினால் தாள் மேலேயே நகரும், அதுதான் பதம். பழைய கிட்டுகளில் சில டீக்கால் தண்ணீரில் விழுந்ததும் துண்டு துண்டாகிவிடும். அதனால் எப்போதும் முதலில் தேவையில்லாத ஒரு சின்னப் படத்தைப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். உடைந்தால் மீதி ஷீட் முழுவதும் மைக்ரோஸ்கேலின் லிக்விட் டீக்கால் ஃபிலிம் தடவிக் காயவைத்து, பிறகு ஒவ்வொரு படத்தையும் தனியாக வெட்டி எடுங்கள். ஷீட் வெறுமனே மஞ்சளித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டி வெயில் காட்டினால் நாளடைவில் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

மாடலுக்கு மாற்றும்போது டீக்காலை மட்டும் தனியே ட்வீசரில் தூக்காதீர்கள், தன் மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும். தாளோடு சேர்த்து இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அங்கிருந்து ஈர பிரஷ்ஷால் வழுக்கிவிடுங்கள். இடம் சரியானதும் பட்ஸை ஈரப்படுத்தி நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி அடித்தண்ணீரை வெளியேற்றுங்கள். உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது.

இனி மருந்துகள். அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இதுதான், காரணம் இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி, செய்யும் வேலை வேறு வேறு. மைக்ரோ செட், மிஸ்டர் மார்க் செட்டர் இவையெல்லாம் டீக்கால் வைப்பதற்கு முன் பரப்பில் தடவுபவை, பிடிமானத்துக்கு. மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் இவை டீக்கால் உட்கார்ந்த பிறகு மேலே தடவுபவை, ஃபிலிமையே இளக்கிப் பள்ளங்களில் படியவைக்கும். சாஃப்டரை முதலில் தடவிவிட்டு டீக்காலை வைத்தால் நகர்த்துவதற்குள் அது இளகிக் கிழியும். சரியான வரிசையில் தடவினாலும் சில விநாடிகளில் டீக்கால் சுருங்கிச் சுருங்கி, பார்க்கவே வயிற்றைக் கலக்கும்படி ஆகிவிடும். புதிதாகச் செய்பவர்கள் அந்த இடத்தில் பதறிப்போய் விரலாலோ பிரஷ்ஷாலோ நீவிவிடப் பார்க்கிறார்கள், டீக்கால் அங்கேயே முடிந்தது. அந்த நேரத்தில் ஃபிலிம் கிட்டத்தட்டக் கூழ் பதத்தில் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். காயக் காயச் சுருக்கம் தானாக இறங்கி, பேனல் கோடும் ரிவெட்டும் டீக்காலுக்குள்ளிருந்து எழுந்து தெரியும், பெயின்டால் வரைந்த மாதிரியே ஆகிவிடும். இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் அது. ஒரு தடவையில் படியாவிட்டால் முழுசாகக் காய்ந்த பிறகு மறுபடியும் தடவுங்கள். மருந்தை ஒரேயடியாக ஊற்றுவதும், கையில் கிடைத்ததிலேயே பலமான மருந்தோடு ஆரம்பிப்பதும் வேண்டாம். மெல்லிய டீக்காலை அது கரைத்தேவிடும், சில அக்ரிலிக் பெயின்டையும் அரிக்கும்.

உருண்டையான பரப்பு தனிக்கதை. போர்வீரனின் தோள்பட்டை இரண்டு பக்கமும் வளைந்தது, தட்டையான வட்டம் அதன் மேல் மடிப்பில்லாமல் உட்காரவே முடியாது, எவ்வளவு மருந்து தடவினாலும் சரி. தாளில் இருக்கும்போதே வட்டத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி, அச்சு இல்லாத பகுதியில், நாலு இடத்தில் சின்னதாகக் கீறிவிடுங்கள். ஒட்டும்போது ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி உட்காரும், சாஃப்டர் அதைச் சமப்படுத்திவிடும்.

இந்திய விமானங்களுக்கு வேண்டிய எண்கள் எல்லாக் கிட்டிலும் இருப்பதில்லை. சூலூரில் இருக்கும் தேஜஸ் ஸ்குவாட்ரன் ஒன்றின் குறிப்பிட்ட விமானத்தைத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் (அந்தப் பிடிவாதம் எனக்கும் பிடிக்கும்) வீட்டிலேயே டீக்கால் தாள் வாங்கி அச்சடிக்கிறார்கள். இங்க்ஜெட்டில் அடித்தால் மை தண்ணீரில் கரையும், ஆகவே மை நன்றாகக் காய்ந்த பிறகு கிளியர் ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடித்துத்தான் தண்ணீரில் போட வேண்டும். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, வட்டச் சின்னத்தின் வெள்ளை வளையம் தெளிவான தாளில் விமானத்தின் சாம்பல் நிறமாகவே தெரியும். அதற்கு வெள்ளைத் தாள் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் முதலில் வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள். வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை, இதை மாற்றிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வால் பட்டைக்கு இடது, வலது இரண்டுக்கும் கிட்டில் தனித்தனி எண் கொடுத்திருப்பார்கள், அவற்றைக் கலந்துவிடாமல் அசல் விமானத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

எல்லாம் ஒட்டியாயிற்று, ஒரு ராத்திரி காயட்டும். காலையில் உடனே மேட் வார்னிஷ் எடுக்காமல், சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் ஒவ்வொரு டீக்காலைச் சுற்றியும் லேசாக ஒற்றித் துடையுங்கள். கசிந்த பசையும் மருந்துக் கறையும் அங்கே இருக்கும், இப்போது தெரியாது, வார்னிஷுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பழுப்பாகத் தெரியும். பிறகு மறுபடி ஒரு க்ளாஸ் கோட், அது காய்ந்ததும் மேட்.

அந்தக் க்ளாஸ் கோட் அடிப்பதற்கு முன்பே விளக்கடியில் எல்லா டீக்காலையும் சாய்த்துப் பாருங்கள். எங்காவது வெள்ளி தெரிந்தால் மெல்லிய ஊசியால் அந்த இடத்தில் நாலைந்து குத்து குத்தி, மேலே ஒரு துளி மைக்ரோ சால் வையுங்கள். துளை வழியாக அது உள்ளே இழுபட்டுக் காற்றை வெளியேற்றும். ஒன்றிரண்டு தடவை செய்ய வேண்டிவரும். கோணலாக ஒட்டிய டீக்கால் முழுசாகக் காய்ந்துவிட்டால், மாற்று டீக்கால் கையில் இருந்தால் மட்டும், மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி மெதுவாக உரித்து எடுத்துவிடலாம். இதெல்லாம் வார்னிஷ் ஏறும்வரைதான். மேட் அடித்துவிட்ட பிறகு வெள்ளி தெரிந்தால், அந்த இடத்தில் வார்னிஷைத் தேய்த்து எடுத்து, பெயின்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.