தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓர் இசைக்குழு: தொடங்கும் முறை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது பிள்ளைக்குப் பாட்டு எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்வதுதான், இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டமொன்றில் இசைக்குழு தொடங்க விரும்புபவரின் முதல் வேலை. இசை கேட்டால் மூளை வளரும், புள்ளிகள் கூடும் என்று சொல்லி அவர்களின் சம்மதத்தைப் பெற முயல வேண்டாம். அந்த நம்பிக்கைக்கு வித்திட்ட 1993ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்களிடம், பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிலைக்காத ஒரு சிறு முன்னேற்றத்தை மட்டுமே கண்டது. சிறுபிள்ளைகள் அதில் இடம்பெறவே இல்லை. மாறாக, ஜெர்மனியில் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்றில், சேர்ந்து பாடி ஆடிய பிள்ளைகள், அதே விளையாட்டை இசையின்றி விளையாடியவர்களைவிட ஒருவருக்கொருவர் கூடுதலாக உதவினார்கள். பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்: சேர்ந்து இசைக்கும் பிள்ளை அடுத்தவரைக் கவனிக்கவும் தன் முறைக்காகக் காத்திருக்கவும் பழகுகிறது.

இடத்துக்காக அலைய வேண்டியதில்லை. தோட்டத்து வாசிகசாலை, முன்பள்ளி, கோவில் மண்டபம் ஆகியவற்றில் மழைக்கு ஒதுங்கக்கூடிய ஒன்று போதும். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து முடித்துத் தாய்மார் வீடு திரும்பும் நேரத்தில் மூத்த பெண்பிள்ளைகளுக்கு வீட்டுவேலை காத்திருக்கும் என்பதால், வேலைநாள் மாலைகளைத் தவிர்த்து ஞாயிற்றுக்கிழமையில் அறநெறி வகுப்பு முடிந்தபின் ஒரு மணிநேரத்தை ஒதுக்குங்கள். மாதத்தில் ஒருநாள் நான்கு மணிநேரம் பாடுவதைவிட வாரம் தவறாமல் ஒரு மணிநேரம் பாடுவதே பிள்ளையிடம் தங்கும்.

முதல் மாதத்தில் வாத்தியம் எதுவும் வேண்டாம்; கையும் வாயும் போதும். பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, பாதிப்பேரைத் 'தகதிமி' என்று நான்கு நான்காகவும் மற்றப் பாதியைத் 'தகிட' என்று மூன்று மூன்றாகவும், ஒரே வேகத்தில் சொல்ல வையுங்கள். ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் கைதட்ட வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே குழப்பம் வரும். ஒருவர் அடுத்த அணியின் தட்டில் இழுபட்டுப் போவார். நிறுத்தாமல் மெதுவாகத் தொடருங்கள். தகதிமி மூன்று முறையும் தகிட நான்கு முறையும் முடியும்போது, அதாவது பன்னிரண்டு எண்ணிக்கைக்குப் பின், இரண்டு அணிகளின் தட்டும் ஒன்றாக விழும். அந்த ஒற்றைத் தட்டை முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர் எவரும் இந்த வேலையை இடையில் விடமாட்டார். தன் கணக்கைக் கைவிடாமல் அடுத்தவரின் கணக்கையும் காதில் வாங்கும் இந்தப் பழக்கம், வகுப்பறையில் அமர்ந்து கேட்கும் கவனத்துக்கும் துணையாகும் என்பதே என் அனுபவம்.

வாத்தியம் என்று வந்தால், பறை வகைத் தோல்வாத்தியமான தப்பில் தொடங்குங்கள். மாசி மாதத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்திலும் திருவிழாவிலும் அடிக்கும் பெரியவர் ஒருவர் அனேகமாக எல்லாத் தோட்டங்களிலும் இருப்பார். அவரை ஆசிரியராக அழைத்து, 'ஐயா' என்றே பிள்ளைகளை விளிக்கச் செய்யுங்கள். குளிரிலும் ஈரத்திலும் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகிவிடும். காகிதமோ வைக்கோலோ கொளுத்தி, தீயிலிருந்து சற்று விலக்கித் தப்பைச் சுழற்றிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, 'கிண்' என்ற ஓசை வந்ததும் எடுக்க வேண்டும். இந்த வேலையைப் பெரியவரின் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள். தப்பைச் சாதியோடு பிணைத்து, தம் பிள்ளை அதைத் தொடக்கூடாது என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. அதற்காகத் தப்பை ஒதுக்கிவிடாதீர்கள். பெண்பிள்ளைகள் உட்பட எல்லோரும் முறைவைத்து அடிப்பதைக் குழுவின் விதியாக்கி, பெற்றோரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாட்டுகளை அப்பாயி, அம்மாயிகளிடமிருந்து சேகரிக்கலாம். அனுமதி கேட்டுக் கையடக்கத் தொலைபேசியில் தாலாட்டையும் தெம்மாங்கையும் பதிவு செய்து வருமாறு பிள்ளைகளை அனுப்புங்கள். தேயிலை மலையில் பாடும் பாட்டில் கோப்பிப் பழம் ஏன் வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், தேயிலைக்கு முன்பு இங்கிருந்த கோப்பித் தோட்டங்களை 1869இல் தென்பட்ட இலைநோய் அழித்த கதையை அங்கேயே சொல்லலாம். தன் குடும்பத்துக் கிழவியின் பாட்டைப் பத்துப்பேர் சேர்ந்து பாடக் கேட்கும் பிள்ளைக்கு வரும் நிமிர்வு, திரைப்பாட்டை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் வருவதில்லை.

பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுவரையான பையன்களுக்குக் குரல் உடையும் காலம். அவர்களைத் தாழ்ந்த சுருதியில் பாட விடுங்கள், வலிந்து மேலே ஏற்றாதீர்கள்.

காதொலிப்பானில் பாட்டுக் கேட்பதைப் பற்றியும் பேச வேண்டும். சிறுவர்களுக்கு 75 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணிநேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. கைநீட்டும் தூரத்தில் நிற்பவர் இயல்பாகப் பேசுவது கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

முதல் திருவிழா மேடைக்கு, நன்றாகப் பாடிய ஆறு பேரை மட்டும் நான் தெரிந்தெடுத்தேன். விடுபட்டவர்களில் ஐந்து பேர் அடுத்த ஞாயிறு வரவில்லை. அவர்களில் இருவர், தாய் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் பாட்டியோடு வளரும் பிள்ளைகள். மேடை ஏறுவதென்றால் எல்லோரும் ஏறட்டும். பாடத் தயங்குபவர் தாளம் போடட்டும். தொடர்ந்து ஒதுங்கி, தூக்கமும் சாப்பாடும் குறைந்த பிள்ளையைக் கண்டால், பாட்டு மட்டும் போதுமென்று இருந்துவிடாமல் வீட்டாரிடம் பேசுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.

மேலும் கற்க விரும்பும் பிள்ளைக்குப் பாடசாலையில் தரம் 6 முதல் அழகியற் பாடமாகவும், பின்னர் சாதாரண தரப் பரீட்சைக்கும் சங்கீதத்தைத் தெரிவுசெய்ய வாய்ப்புண்டு. சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையாக இருந்தால், அருகிலுள்ள பாடசாலையில் யார் கற்பிக்கிறார் என்பதைத் தெரிவுப் படிவம் நிரப்புவதற்கு முன்பே பெற்றோரோடு சேர்ந்து விசாரித்து வையுங்கள்.